ஐந்து பேனாக்கத்தி, ஒரு கையெழுத்து

நினைவாக வைத்துக்கொள்ள ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதென்றால் புத்தகம், மட்டை, கிடார் என்று எத்தனையோ சாமான் இருக்கிறது, இவன் ஏன் கத்தியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று நினைப்பீர்கள். எனக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முதல் நாள் என் கையில் கொடுத்தது உளியும் இல்லை ரம்பமும் இல்லை, ஒரு பழைய பேனாக்கத்தி. "முதல்ல பென்சிலைச் சீவு தம்பி, கோடு தடிச்சா வேலையே தடிச்சுப் போயிடும்" என்றார். ஒரு வாரம் பென்சில்தான் சீவினேன். இப்போது அவர் பட்டறையை மூடப் போகிறார். அவர் கையெழுத்து எனக்கு வேண்டும், அதுவும் ஒரு பேனாக்கத்தியில் வேண்டும். அதற்காக மூன்று மாதத்தில் நான்கு கத்தி வாங்கி, ஒன்றை இரவல் வாங்கி, இரண்டைக் கெடுத்து, ஒரு வழியாகக் காரியத்தை முடித்தேன். அந்த அனுபவம்தான் இந்த விமர்சனம்.

ஆரம்பத்திலேயே ஒரு தப்பு செய்தேன். எஃகு என்ன தரம், பூட்டு எப்படி, கூர் எத்தனை நாள் நிற்கும் என்று வழக்கமாகக் கத்தி வாங்குகிறவன் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன். கையெழுத்துக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். கைப்பிடியில் தட்டையான, வெறுமையான இடம் எவ்வளவு இருக்கிறது, அந்த இடத்தில் மனிதர் கையை ஊன்றி எழுத முடியுமா, எழுதியது நிற்குமா, இந்த மூன்றுதான் கேள்வி. மாஸ்டர் கையெழுத்தைப் பழைய ரசீது ஒன்றில் அளந்து பார்த்தேன், 6 சென்டிமீட்டர் நீளம். தமிழில் முழுப்பெயரும் எழுதுகிறவர், நடுவில் ஒரு ழகரம் வேறு, அதன் வால் கீழே தனியாக ஒரு சுற்று சுற்றும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கிறுக்குகிறவருக்குப் போதும் இடம் இவருக்குப் போதாது.

முதலில் வாங்கியது எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு ஸ்விஸ் கத்தி, விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் வகை. நினைவுப்பொருள் என்ற வகையில் இதைவிடப் பொருத்தமான பின்கதை கிடையாது. கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கினார், இன்று நாம் பார்க்கும் இந்தக் கத்தியின் மூதாதையை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார், 1909இல் அம்மா விக்டோரியா இறந்தபின் அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார், 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் அதோடு ஒட்டிக்கொண்டது. அம்மா பெயரைத் தாங்கிய கத்தியில் குருவின் பெயரையும் வாங்குவோம் என்று நானும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன்.

ஆனால் அந்தச் சிவப்புப் பிடி பளபளப்பான பிளாஸ்டிக், லேசாகப் புடைத்திருக்கும், ஒரு பக்கம் சிலுவை முத்திரை. மறுபக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று, மாஸ்டரிடம் போவதற்குமுன் சோதனைக்கு என் அக்காவை அதில் பர்மனென்ட் மார்க்கரால் கையெழுத்துப் போடச் சொன்னேன். கறுப்பு மை சிவப்பில் எடுபடவில்லை, வெள்ளி நிற மார்க்கர் எடுபட்டது. பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துக் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், வழிந்ததைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் வெள்ளிப்பூச்சு, கத்தியில் அக்கா பெயரின் கடைசிப் புள்ளி மட்டும். "என் பேரையே துடைச்சுப் போட்டியா?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மார்க்கரின் பெயரில்தான் பர்மனென்ட், அந்த மை ஆல்கஹாலில் கரையும். கைக்குச் சானிடைசர் போட்டுவிட்டு ஈரத்தோடு தொட்டாலே போதும்.

இருந்தாலும் இந்தக் கத்தியில் மற்ற நான்கிலும் இல்லாத ஒரு வசதி உண்டு. அந்தச் சிவப்புப் பிடித் தகடுகள் ரிவெட் ஆணிகளின் தலையில் வெறுமனே அழுத்தி மாட்டப்பட்டவை. பல் குத்தியையும் சாமணத்தையும் உருவிவிட்டு, மெல்லிய தகடு ஒன்றை ஓரத்தில் நுழைத்துப் பொறுமையாக நெம்பினால் கழன்று வரும், மாற்றுத் தகடும் தனியாக வாங்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் கையெழுத்து வாங்க நினைப்பவர் ஒரு விளையாட்டு வீரராகவோ மலையேறுபவராகவோ இருந்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி வரிசையில் நின்றுதான் அவரைப் பார்க்க முடியும் என்றால், பாக்கெட்டில் கத்தியோடு போய் நிற்க முடியாது. வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள், விமானத்தில் ஏறிப் போகிறீர்கள் என்றால் கைப்பையிலும் கூடாது. தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு போங்கள். அது ஒரு பிளாஸ்டிக் துண்டு, யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கையெழுத்து வாங்கி வந்து வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். கத்தியாக 8, கையெழுத்துக்கு 5. மதிப்பெண் எல்லாம் பத்துக்கு. அந்த 5இல் 3 கழற்றும் வசதிக்கு. அதே கம்பெனியின் 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியை மட்டும் இதற்காக வாங்காதீர்கள், அதில் யாருடைய கையெழுத்தும் அடங்காது.

அதே கம்பெனியின் பயனியர், அலாக்ஸ் பிடி போட்டது, இரண்டாவதாக வந்தது. அலுமினியத் தகடு, சொரசொரப்பான கட்டம் கட்டமான புடைப்பு, கைக்குள் நழுவவே நழுவாது, 93 மில்லிமீட்டர். நான் தினமும் வைத்துக்கொள்ள ஒரே ஒரு கத்தி என்றால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் அந்தக் கட்டங்களின்மேல் பேனா ஓட்டினால் கல்லாங்குத்து ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரிதான். பெயர் பொறிக்க என்று வழவழப்பாக ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறார்கள், அதில் முதலெழுத்து இரண்டு போடலாம், மாஸ்டரின் ழகரம் பாதியில் நின்றுவிடும். தகடும் ரிவெட் அடித்தது, கழற்ற முடியாது. கத்தியாக 9, கையெழுத்துக்கு 3. அடுத்தது.

அடுத்தது ஓபினெல் 8ஆம் நம்பர், என் பலவீனம். ஜோசப் ஓபினெல் 1890இல் பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் செய்யத் தொடங்கியது. மரப்பிடி, அலகு, ஒரு ஆணி, கழுத்தில் இரண்டு வளையம், அவ்வளவுதான் மொத்தக் கத்தியும். அதில் அலகைப் பூட்டுகிற வெளிவளையம் 1955இல்தான் வந்தது. 8ஆம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர், எடையோ சட்டைப்பையில் இருப்பதே தெரியாத அளவு. மரவேலை ஆளுக்கு மரப்பிடிக் கத்தியில் கையெழுத்து, கேட்கவே எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

முதல் சிக்கல், பிடி உருண்டை. எழுத எழுத உருட்ட வேண்டும், உருட்ட உருட்ட வரி ஏறும் அல்லது இறங்கும். நானே என் பெயரை எழுதிப் பார்த்தேன், மாடிப்படி ஏறுகிற மாதிரி வந்தது. இரண்டாவது, மேலே இருக்கிற வார்னிஷ். அதன்மேல் எழுதினால் மை மரத்துக்குள் போகாது, நாளடைவில் உள்ளங்கை வியர்வையே தேய்த்துவிடும். சரி, வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு வெறும் மரத்தில் எழுதலாமே என்று உப்புத்தாள் போட்டேன். பீச் மரம் மையை உறிஞ்சி நார் ஓடும் திசையிலேயே இழுத்துக்கொண்டது, ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்துவிட்டது. அதற்குப்பிறகுதான் சரியான வழியைக் கண்டுபிடித்தேன். தேய்த்த மரத்தில் முதலில் அரக்கு மெருகை மிக மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் அதன்மேல் நிறமிமை பேனாவால் எழுதி, ஒரு நாள் விட்டு, மேலே நிறமில்லாத லாக்கர் மெருகைத் தூவல் தூவலாக, ஒவ்வொன்றும் காயக் காய அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே பூச்சாக ஈரமாக அடித்தால் லாக்கரில் இருக்கும் கரைப்பானே மையைக் கரைத்து வழியவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கத்தியாக 9, கையெழுத்துக்கு 4, பொறுமைசாலிகளுக்கு 6.

பக் 110ஐ நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கினேன். 1964இலிருந்து வருகிற அமெரிக்க மடக்குக்கத்தி, இரண்டு முனையிலும் கனமான பித்தளை, நடுவில் கருமரம், எடை 200 கிராம். பாக்கெட்டில் போட்டால் கால்சட்டை ஒருபக்கம் சாயும், பாக்கெட் கத்தி என்பதே கொஞ்சம் மிகைதான், இடுப்பில் உறைபோட்டு மாட்ட வேண்டிய சமாச்சாரம். மேஜைமேல் வைத்துப் பார்க்க இதைப்போல் கம்பீரமானது இந்த ஐந்தில் இல்லை. ஆனால் கையெழுத்துக்கு இடம் எங்கே? பித்தளை இரு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது, நடுமரத்தில் ரிவெட்டுகள். அலகில் போடலாமே என்று நண்பன் சொன்னான், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கடினப்படுத்திய எஃகில் கையால் கீறினால் ஊசி வழுக்கும், மார்க்கரால் எழுதினால் முதல் அட்டைப்பெட்டியை வெட்டும்போதே போய்விடும், லேசரால் சுட்டால் சுட்ட இடத்தில் துருவை எதிர்க்கும் சக்தி குறைந்து கோடுகளுக்குள்ளேயே புள்ளிபுள்ளியாகத் துரு வரலாம். அதோடு அலகு என்பது தீட்டத் தீட்டக் குறைகிற பாகம், பிடி அப்படியே இருக்கும். இன்னொரு விஷயமும் அவன் கத்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வருஷக்கணக்கில் தோல் உறைக்குள்ளேயே இருந்ததில் பித்தளை ஓரமெல்லாம் பச்சைக்களிம்பு. தோல் பதனிடும் பொருள்கள் செய்கிற வேலை அது. நினைவுப்பொருளைத் தோல் உறையில் நிரந்தரமாகக் குடிவைக்காதீர்கள். கத்தியாக 8, கையெழுத்துக்கு 5.

பழைய கத்தி வாங்கி அதில் கையெழுத்து வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முத்துச்சிப்பி மாதிரி, ஆமையோடு மாதிரி மின்னும் பழைய பிடிகள் பல செல்லுலாய்டு. அது வயதாக வயதாகச் சிதைந்து அமில ஆவி விடும், பக்கத்தில் இருக்கிற நல்ல கத்தியையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். வழவழப்பான எலும்புப் பிடி கிடைத்தால் விடாதீர்கள், ஊசியால் கீறி மை தேய்த்தால் கோட்டுக்குள் மட்டும் மை தங்கும், திமிங்கில வேட்டைக்குப் போன மாலுமிகள் பல்லிலும் எலும்பிலும் படம் கீறியது இந்த முறையில்தான். லாகியோல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்திப் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அது ஒரே கம்பெனியின் பெயர் இல்லை, யார் யாரோ செய்து அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

ஐந்தாவதுதான் ஜெயித்தது. ஹிகோனோகாமி, ஜப்பானின் ஹ்யோகோ மாகாணத்து மிகி நகரில் 1890களிலிருந்து செய்யப்படுவது. ஒரு உலோகத் தகட்டை நடுவில் மடித்தால் அதுதான் பிடி, உள்ளே அலகு, பின்னால் கட்டைவிரலால் அழுத்த ஒரு சின்ன வால். பூட்டு கிடையாது, அந்த வாலைக் கட்டைவிரல் பிடித்திருக்கும்வரைதான் பாதுகாப்பு, அதனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்ததே இந்தக் கத்திதான். பென்சில் என்று படித்த அன்றே வாங்கிவிட்டேன்.

நான் எடுத்தது பித்தளைப் பிடி. ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து அச்சடித்திருக்கிறது, மறுபக்கம் மொட்டை. முழுக்க மொட்டை! கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டருக்குத் தட்டையான, புடைப்பில்லாத, ரிவெட் இல்லாத பித்தளை, ஒரு சின்னப் பெயர்ப்பலகை மாதிரி. பித்தளை மிருதுவானது, கார்பைட் என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்த ஊசியால் கையாலேயே கோடு இழுக்கலாம், மின்கருவி எதுவும் வேண்டாம். நாள் போகப் போகப் பித்தளை மங்கும்போது கீறிய கோட்டுக்குள் கறுப்பு தங்கி எழுத்து இன்னும் தெளிவாகும். மற்றக் கத்திகளில் காலம் கையெழுத்தை அழிக்கும், இதில் அதே காலம் எடுத்துக் காட்டுகிறது. கத்தியாக 6தான் கொடுப்பேன், கீல் கொஞ்சம் முரட்டுத்தனம், கரி எஃகு அலகைத் துடைக்காமல் வைத்தால் மறுநாளே விரல்ரேகையில் துரு. கையெழுத்துக்கு 9.

அந்த 1 ஏன் குறைந்தது என்றால் வழுக்கல். அது மாஸ்டர் கைக்குப் பிரச்சினையாக இருக்கும் என்றுதான் முதலில் லேசர் வழிக்குப் போனேன். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. காகிதத்தில் பேனாவால் ஏழெட்டுக் கையெழுத்து வாங்கி, அதில் நல்லதாக ஒன்றைப் பொறிப்புக் கடை ஒன்றில் கொடுத்தேன், சோதனைக்குப் பித்தளைத் துண்டு ஒன்றும் கொடுத்தேன். திரும்பி வந்ததைப் பார்த்தால் கோடெல்லாம் வழவழவென்று, கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி. என்ன இது என்றால், "கோணல்மாணலா இருந்துச்சு சார், கம்ப்யூட்டர்ல சரிபண்ணிக் கொடுத்திருக்கோம்" என்கிறார் கடைக்காரர், பெருமையாக. நடுக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குத் தனிக்கட்டணம் வேறு. லேசர் பொறிப்புக்குக் கொடுப்பவர்கள் தயவுசெய்து ஸ்கேன் எப்படி இருக்கிறதோ அப்படியே போடச் சொல்லுங்கள், மென்மையாக்காதே, தடிமனை மாற்றாதே என்று எழுதியே கொடுங்கள். என் கணக்கில் காகிதத்திலிருந்து எடுத்துப் பொறித்தது கையெழுத்தின் புகைப்படம் மாதிரிதான். அவர் கையாலேயே கீற வேண்டும், முடியாவிட்டால் அவர் மையால் எழுதிய கோட்டின்மேலேயே வேறொருவர் ஊசி ஓட்டலாம், அதற்குமேல் நான் இறங்க மாட்டேன்.

அதனால் கத்தியையே எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். முன்னேற்பாடு என்று சொன்னால், பிடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்தேன், கத்தியை மடக்கி அலகு வெளியே வராதபடி டேப் சுற்றினேன், எழுத வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி ஒரு ஜன்னல் விட்டேன். எந்தப் பக்கம் மேல் என்பதையும் அம்புக்குறி போட்டுக் குறித்தேன். இதை மறந்தால் கத்தியைத் திறந்து காட்சிக்கு வைக்கும்போது பெயர் தலைகீழாக நிற்கும், அக்காவின் கையெழுத்துக்கு நடந்த இன்னொரு கொடுமை அது. பழகிப் பார்க்க அதே அகலத்தில் இரண்டு பித்தளைத் துண்டும் கொண்டுபோனேன்.

மாஸ்டர் அதில் எதையும் சட்டை செய்யவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் சுற்றிய டேப்பைப் பிரித்தார், அலகைத் திறந்து கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். "மொக்கைக் கத்தியில என் பேரா?" என்று கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம். அலகின் பக்கமெல்லாம் கல் தடம், காட்சிப்பொருளாக வைக்க வாங்கிய கத்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஒரு பென்சிலைச் சீவிப் பார்த்துத் திருப்தியானபிறகுதான் கத்தியை மடக்கி மேஜை இடுக்கியில் இறுக்கச் சொன்னார்.

ஊசியை நீட்டினேன். பேனா பிடித்தபோது நடுங்கிய கை, அந்த ஊசியை வாங்கியதும் நின்றது. வாழ்க்கை முழுக்க மரத்தில் கோடு கிழித்த கை, சுண்டுவிரலைப் பித்தளையின் ஓரத்தில் ஊன்றி, தன் பக்கமாக இழுத்து இழுத்து எழுதினார். பழகிப் பார்க்கிற துண்டைத் தொடவே இல்லை. ழகரத்தின் வாலில் மட்டும் ஊசி கொஞ்சம் வழுக்கி டேப்வரை ஓடியது. அந்தக் கீறலோடுதான் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கோடுகளின் ஓரத்தில் எழும்பியிருந்த பிசிறை மரக்குச்சியால் தேய்த்து எடுத்தேன், மெட்டல் பாலிஷ் போடவில்லை, போட்டால் கோட்டின் கூர்மை போய்விடும். அதன்மேல் ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகு, 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவானது, துணியில் தொட்டுத் தொட்டு மெல்லியதாக ஒரு பூச்சு. அலகுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஆறு மாதமாகத் திறந்த மரப்பெட்டியில் இருக்கிறது, துரு இல்லை, எழுத்துக்குள் பழுப்பு ஏற ஆரம்பித்திருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பென்சில் சீவுகிறேன், மற்ற வேலைக்கெல்லாம் ஓபினெல்தான்.

சிவப்புக் கத்தியில் அக்காவின் புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது. பித்தளையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அந்த ஊசியைக் கொடு, இந்தத் தடவை துடைச்சுப் பாரு" என்கிறாள். பிளாஸ்டிக்கில் லேசாகக் கீறி உள்ளே வெள்ளைப் பெயின்ட் தேய்த்தால் நிற்கும் என்று நினைக்கிறேன், மாற்றுத் தகடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.